புதுப்பிப்பு: ஆடிக் காற்றிலும் குறைவாகக் காட்டிய காற்றுமானி

போன மாதம் கேட்டிருந்தேன்: உடுமலைப்பேட்டையில் தென்னை மட்டையே முறிந்து விழுகிற காற்று, மொட்டைமாடியில் நான் மாட்டிய கிண்ணக் காற்றுமானியோ நொடிக்கு 4 மீட்டரைத் தாண்டவில்லை, ஏன் என்று. காரணம் கிடைத்துவிட்டது. ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது தண்ணீர்த் தொட்டி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வருகிறது. என் கம்பம் தொட்டிக்குக் கிழக்கே, இரண்டடி தள்ளி நின்றது. தடுப்பின் உயரத்தைப்போல் குறைந்தது 10 மடங்கு தூரம், திறந்தவெளியில் 10 மீட்டர் உயரம் என்பதுதான் வானிலை நிலையங்களின் அளவு. மாடியில் அது நடக்காது. தோட்டத்தில் இரும்புக் குழாய் நட்டு, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினேன்.

இரண்டாவது, இறக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கிண்ணத்தை விரலால் சுண்டினால் இரண்டே சுற்றில் நின்றது. பேரிங்கில் செம்மண் தூசி, பசைபோல் அப்பியிருந்தது. மாற்றிய பிறகு வாயால் ஊதினாலே சுழல்கிறது.

சின்ன வித்தியாசம்தானே என்று சிலர் எழுதியிருந்தீர்கள். காற்றாலைக்கு இடம் பார்ப்பவர்கள் அப்படி விடவே கூடாது. காற்றின் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 5 இருக்க வேண்டிய இடத்தில் 4 என்று குறித்தால், சக்தி கிட்டத்தட்ட பாதியாகத் தெரியும்!

இப்போது 10 நிமிடச் சராசரியாகக் குறித்து வருகிறேன். நேற்று மதியம் நொடிக்கு 7.2 மீட்டர்.