சிங்கப்பூருக்குக் கறித்தூள் அனுப்பிய அனுபவம் யாருக்கேனும் உண்டா?

வணக்கம். பட்டர்வொர்த்தில் அம்மாவும் நானும் மீன் கறித்தூள் அரைத்து விற்கிறோம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் மூன்று கடைகள் வாங்குகின்றன. தீபாவளிக்கு வந்த சிங்கப்பூர் உறவினர்கள் பை நிறைய அடைத்துக்கொண்டு போனார்கள். அதன் வாசம் எப்படியோ பரவி, இப்போது அங்குள்ள மளிகைக்கடைக்காரர் ஒருவர் மாதம் 200 பொட்டலம் கேட்கிறார்.

அங்கே இறக்குமதி செய்பவர் சிங்கப்பூர் உணவு அமைப்பில் பதிந்திருக்க வேண்டும், உறையில் அவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு என்பதுவரை தெரிந்துகொண்டேன். கடைக்காரரோ எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். அதெப்படி முடியும்?

என் பெரிய கவலை மிளகாய்தான். அது இந்தியாவிலிருந்து வருகிறது. கிருமிகளைக் கொல்லப் பயன்படுத்தும் எத்திலீன் ஆக்சைடு என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறி இருந்ததால் 2024 ஏப்ரலில் இந்திய மீன் மசாலா ஒன்றைச் சிங்கப்பூரில் திரும்பப் பெற வைத்தார்கள். எங்கள் தூளைப் பினாங்கில் எங்கே சோதிக்கலாம், எவ்வளவு செலவாகும்? இவ்வளவு சிறிய சரக்குக்கு இறக்குமதியாளரை எப்படிப் பிடித்தீர்கள்?

ஏற்கெனவே ஒரு முகவரிடம் 300 ரிங்கிட் முன்பணம் கொடுத்து ஏமாந்துவிட்டேன். ஆகவே முகவர்கள் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம். உண்மையில் அனுப்பிப் பார்த்தவர்கள் இங்கேயே எழுதுங்கள்.