ஆம்னி வேன்: சூடானால் செல்ஃப் எடுக்கவில்லை, ஆக்சிலரேட்டர் கேபிள் சுடுகிறது. எர்த் பிரச்சினையா?

முத்துநகர்வாசி:
2004 மாடல் ஆம்னி, பெட்ரோல். தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டித்தான் ஓட்டம். காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் கொஞ்சம் ஓட்டி நிறுத்திவிட்டு மறுபடி சாவி போட்டால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி புதுசு. செல்ஃப் மோட்டாரில் கார்பன் பிரஷ்கூட மாற்றியாயிற்று. ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் சற்று ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. நேற்று இன்ஜினுக்கு மேலே இருக்கும் சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு, நண்பனைச் சாவி திருப்பச் சொல்லிப் பார்த்தேன், ஆக்சிலரேட்டர் கேபிள் தொட முடியாத சூடு! இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே மல்ட்டிமீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) பார்த்தால் 0.3 தான் காட்டுகிறது. அப்படியானால் எர்த் சரியாகத்தானே இருக்கிறது? ஒர்க்‌ஷாப்பில் டைனமோவை மாற்றச் சொல்கிறார்கள்.

வயர்மேன்_மதுரை:
டைனமோவில் கை வைக்காதீர்கள் சார். கேபிள் சுடுகிறது என்று நீங்கள் சொன்னதுமே விஷயம் முடிந்துவிட்டது. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது, அதனால் செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூறு ஆம்பியரும் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்ப எர்த் வயரை, அதாவது இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் வயரைத்தான் நம்பியிருக்கிறது. அந்த வயர் கெட்டால் இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் வேறு எந்த இரும்பு வழியாவது கரண்ட் போகப் பார்க்கும்: ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை உருகி ஆக்சிலரேட்டர் ஒட்டிக்கொண்டால் ரோட்டில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சரிசெய்கிற வரை செல்ஃபைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள்.

ஓம்ஸ் கணக்கு இங்கே உதவாது. சாதாரண மீட்டரில் அதன் வயருக்கே அந்த 0.3-ல் பெரும்பங்கு போய்விடும். நமக்குத் தலைவலி தருவது 0.01 ஓம், நூறு ஆம்பியரில் அதுவே ஒரு வோல்ட்டைத் தின்றுவிடும், மீட்டருக்கு அது தெரியாது. பத்து இழை அறுந்து ஓர் இழை மிச்சமிருந்தாலும் ஓம்ஸ் நல்லதாகத்தான் காட்டும். கரண்ட் ஓடும்போது வோல்ட் பாருங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கருப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்தின் மேலேயே (அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் மேல் அல்ல), சிவப்பை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான போல்ட் மேல் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. மேலே போனால் சிவப்பு முனையைப் பாடி, லக் (வயர் முனையில் போல்ட் மாட்டும் வளையம்), கிளாம்ப் என்று ஒவ்வொன்றாகப் பேட்டரி பக்கம் நகர்த்துங்கள், வோல்ட் எங்கே சட்டென்று விழுகிறதோ கோளாறு அந்த இடத்தில்.

முள் ஏறுவதும் இதனால்தான். டெம்பரேச்சர் சென்ஸாருக்கு இன்ஜின்தான் எர்த், மீட்டர் போர்டுக்குப் பாடிதான் எர்த், இரண்டுக்கும் நடுவே வோல்ட் வித்தியாசம் வந்தால் முள் பொய் சொல்லும்.

பழையடீசல்:
அண்ணன் சொன்னது சரி. மீட்டர் இல்லாதவர்கள் ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையைச் செல்ஃப் மோட்டார் பாடி அல்லது இன்ஜின் போல்ட்டிலும் கடித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். உடனே எடுத்தால் கோளாறு எர்த்தில்தான். அப்புறம் லக்குக்கு அடியில் நன்றாகக் கிரீஸ் தடவி முறுக்குங்கள், கடற்கரைக் காற்றுக்கு அது இல்லாமல் தாங்காது.

முத்துநகர்வாசி:
பார்த்தாயிற்று. இன்ஜின் பிளாக்கில் 1.4 வோல்ட்! பாடியில் வெறும் 0.1. அப்படியானால் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் எர்த் பின்னல் வயரில்தான் கோளாறு. கழற்றினேன், இன்ஜின் பக்கம் முழுக்கப் பச்சைக் களிம்பு, பாதி இழை கையோடு வந்துவிட்டது. பாடி பக்கம் இன்னும் வேடிக்கை: இரண்டாம் தடவை ஆர்சி புதுப்பிக்க டிங்கரிங், பெயிண்டிங் செய்தபோது லக் உட்காரும் இடத்திலும் பெயிண்ட் அடித்து, அதன் மேலேயே போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். தொல்லை ஆரம்பித்ததும் ஏறக்குறைய அதற்கப்புறம்தான்.

வயர்மேன்_மதுரை:
பெயிண்டிங் முடிந்து வரும் வண்டிகளில் பாதி இப்படித்தான். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பாடியில் லக் உட்காரும் வட்டத்தை மட்டும் உப்புத்தாளால் பளபளப்பாகும் வரை தேயுங்கள், போல்ட்டின் மரையையும் கம்பி பிரஷால் சுத்தம் பண்ணுங்கள். பழைய பின்னலைச் சுரண்டி மறுபடி போட வேண்டாம், களிம்பு உள்ளே வரை போயிருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரி கடையில் 25 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள் வாங்கி, இரண்டு பக்கமும் லக் வைத்து அவர்களிடமே கிரிம்ப் பண்ணிக்கொள்ளுங்கள் (கருவியால் இறுக அழுத்திப் பொருத்துவது). சுத்தியலால் தட்டி நசுக்கியது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. நீளத்தில் கஞ்சம் வேண்டாம், இன்ஜின் ஆடும், கொஞ்சம் தொய்வு இருக்கட்டும். பல் வாஷர் போட்டு முறுக்குங்கள்.

கிரீஸ் விஷயத்தில் தம்பியோடு எனக்கு ஒத்துப்போகாது. வெறும் உலோகத்தோடு உலோகம் உட்கார்ந்து இறுகட்டும், அதற்கப்புறம் மேலே வேசலினோ கிரீஸோ பூசி உப்புக் காற்றை அடையுங்கள். அடியில் மொத்தையாக அப்பினால் மண்ணும் சேர்ந்து உட்காரும்.

பழையடீசல்:
நான் சொன்னது மெல்லிய பூச்சுதான் அண்ணே, முறுக்கும்போது அது பிதுங்கி வெளியே வந்துவிடும். சரி, உங்கள் முறையிலும் தப்பில்லை. இன்னொன்று, இது இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் இன்ஜின் மேல் மெல்லிய கருப்பு எர்த் வயர்கள் தனியாக முறுக்கியிருக்கும், ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எர்த் பெரும்பாலும் அதுதான். இன்ஜின் பக்கம் அவ்வளவு களிம்பு என்றால் அதையும் கழற்றித் தேய்த்துவிடுங்கள்.

முத்துநகர்வாசி:
புதுக் கேபிள் போட்டாயிற்று, பிளாக்கில் இப்போது 0.15. ஹெட்லைட் போட்டாலும் முள் அசையவில்லை. சூட்டிலும் ஒரே திருப்பில் எடுக்கிறது. ஆக்சிலரேட்டர் கேபிள் மட்டும் பாதியில் பிடிக்கிறது, நாளைக்கு அதையும் மாற்றுகிறேன்.