‘ஒளிக்குறுக்கீடு’ வேண்டாம், ‘ஒளியிரைச்சல்’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

வீட்டு விளக்கின் ஒளி டிவியின் அகச்சிவப்பு ரிமோட்டை வேலை செய்ய விடாமல் கெடுக்கிறதே, அதற்குத் தமிழ்ச் சொல்லாகப் போன மடலில் வைத்த ‘ஒளிக்குறுக்கீடு’ எனக்கு ஒட்டவில்லை. இரண்டு அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டை பட்டையாக விழுகிறதே, அதற்குத்தான் இயற்பியல் பாடத்தில் குறுக்கீட்டு விளைவு என்று பெயர் வைத்தாயிற்று. ‘ஒளித்தடை’யும் ஆகாது, தடை என்றால் டிவிக்கு முன்னால் யாராவது நிற்க வேண்டும்.

நடப்பது என்ன என்பதற்கு எங்கள் வீட்டுக் கூடமே போதும். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த். லோட்ஷெடிங் (முறை வைத்து மின்வெட்டு) மும்முரமாக இருந்த காலத்தில் இரண்டு மணி நேர இருட்டுக்கு அப்புறம் கரண்ட் வந்ததும் கூடத்துச் சுருள் குழாய் விளக்கு (சிஎஃப்எல்) எரியும், அம்மா ரிமோட்டை அமுக்குவார், டிவி அசையாது. உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டி, பேட்டரியை உருட்டிவிட்டு, கடைசியில் “செத்துப்போச்சு, பாரு” என்று என்னிடம் நீட்டுவார். நான் அமுக்கினால் வேலை செய்யும்! எனக்குக் கைராசி என்றே வீட்டில் ரொம்ப நாள் பேச்சு. இதற்குள் ஒன்றிரண்டு நிமிடம் ஓடி விளக்கு சூடேறியிருந்தது, அவ்வளவுதான்.

குளிர்ந்த குழாயில் பாதரச ஆவி குறைவு. அதனால் முதலில் உள்ளே இருக்கும் ஆர்கான் வாயுதான் அதிகம் ஒளிர்கிறது, அதன் கதிர்களில் ஒன்று 912 நானோமீட்டரில் விழுகிறது. ரிமோட்டின் எல்இடி ஒளிர்வது 940இல். டிவியின் கறுப்புக் கண்ணுக்கு, அதாவது ரிமோட்டின் ஒளியை வாங்கும் ஏற்பிக்கு, இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம். அது மட்டும் என்றால் பரவாயில்லை, ஏனென்றால் பழைய குண்டு பல்பு இதைவிட எவ்வளவோ அகச்சிவப்பைக் கொட்டியும் ரிமோட் பாட்டுக்கு வேலை செய்தது. அது நொடிக்கு 100 முறைதான் ஏறி இறங்கும், டிவியின் கண் அதைச் சட்டை செய்யாது. சிஎஃப்எல்லின் அடியில் இருக்கும் மின்னணுச் சுற்றோ குழாயை நொடிக்கு 20,000 முறைக்கு மேல் துடிக்க வைக்கிறது. ரிமோட்டின் கட்டளையைச் சுமந்து போகும் துடிப்பான ஊர்தி அலையும் அதே வட்டாரம்தான்: பெரும்பாலும் 38 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 38,000 முறை), சிலவற்றில் 36 அல்லது 40. விடாமல் வரும் இந்தத் துடிப்பைக் கேட்டு ஏற்பி, வருவதைப் பெருக்கிக் கேட்கும் அளவைத் தானே குறைத்துக்கொள்கிறது, அப்புறம் ரிமோட் கூப்பிட்டாலும் அதன் காதில் விழுவதில்லை. காவடி அன்று மேளத்துக்குப் பக்கத்தில் நின்று போன் பேசிப் பாருங்கள், அதே கதைதான்.

ஆகவே என் சொல் ‘ஒளியிரைச்சல்’. இரைச்சல் காதுக்கு உரியது அல்லவா என்று யாராவது கேட்பீர்கள். மின்னணுவியலில் வேண்டாத சைகைக்கு (சிக்னலுக்கு) இரைச்சல் என்று ஏற்கெனவே எழுதிக்கொண்டுதானே இருக்கிறோம்? புதிதாக ஒன்றும் கேட்கவில்லை, முன்னால் ‘ஒளி’ ஒட்டுகிறேன். ‘விளக்கிரைச்சல்’ என்றும் யோசித்தேன், ஆனால் சில எல்இடி விளக்கு உண்மையாகவே ‘ங்...’ என்று ரீங்காரம் போடும், அதோடு குழம்பிவிடும்.

சோதனைக்கு ஒரு வழி: ரிமோட்டின் முனையைப் போன் கேமராவில் பார்த்தபடி அமுக்குங்கள். ஊதா நிறத்தில் மினுக்கினால் ரிமோட் மேல் பழி இல்லை. விளக்கை அணைத்துவிட்டு அமுக்குங்கள், அல்லது டிவியின் கண்ணுக்கு மேல் கையைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு அமுக்குங்கள். அப்போது வேலை செய்தால் பழி விளக்கின் மேல்தான்.

ரிமோட்டுக்குத் ‘தொலையியக்கி’ போதும், அதற்கு எந்தச் சொல் என்ற நம் பழைய சண்டையை மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்.

இன்னொன்று. இங்கே ஜூலையில் சூரியன் வடக்கே தாழ்வாகப் போவதால் வடக்கு ஜன்னல் வழியே வெயில் நேராக டிவி முகத்தில் அடிக்கும், அப்போதும் ரிமோட் திணறும். வெயில் துடிப்பதில்லை, ஒரே சீராகக் கொட்டி ஏற்பியைத் திக்குமுக்காட வைக்கிறது. இதையும் இரைச்சலில் சேர்க்க எனக்கு மனமில்லை. கண் கூசுகிறது என்கிறோமே, அதிலிருந்து ‘ஒளிக்கூச்சம்’ எடுக்கலாமா? கூச்சம் என்றால் வெட்கம்தானே நினைவுக்கு வரும் என்று தம்பி சிரிக்கிறான். உங்களுக்கு எப்படிப் படுகிறது?