புதுப்பிப்பு: எக்ஸ்பிரஸில் 401 போன பிறகும் அடுத்த ஹேண்ட்லர் ஓடுவது

எக்ஸ்பிரஸில் (ஜாவாஸ்கிரிப்டில் இணைய சர்வர் எழுத உதவும் கட்டமைப்பு), டோக்கன் (பயனரை அடையாளம் காட்டும் குறி) இல்லாத கோரிக்கைக்கு என் மிடில்வேர் (கோரிக்கையை இடையில் சோதிக்கும் ஃபங்ஷன்) 401, அதாவது 'அடையாளம் உறுதியாகவில்லை' என்ற பதிலை, அனுப்பிய பிறகும் அடுத்த ஹேண்ட்லர் (கோரிக்கையைக் கையாளும் ஃபங்ஷன்) ஓடி, 'ஹெடர் ஏற்கெனவே போய்விட்டது' என்ற பிழை வருவதாகக் கேட்டிருந்தேன். தீர்ந்தது.

பதில் அனுப்புவது ஃபங்ஷனை நிறுத்தாது. கோரிக்கையை அடுத்த ஹேண்ட்லருக்குக் கடத்தும் நெக்ஸ்ட்() கீழே இருந்தால் எப்படியும் ஓடும். 401 வரிக்கு அடுத்து ஒரு ரிட்டர்ன் போட்டதும் சரியாகிவிட்டது. அதற்காக நெக்ஸ்ட்டையே அழித்துவிடாதீர்கள்: டோக்கன் சரியாக இருந்தாலும் கோரிக்கை அங்கேயே தொங்கும், லாகில் பிழை எதுவும் விழாது.

இன்னொன்று. பிழை பிடிக்கும் மிடில்வேருக்கு நான்கு அளவுருக்கள் கட்டாயம். 'நெக்ஸ்ட் பயன்படவில்லை' என்று லின்ட்டர் (குறியீட்டில் குறை காட்டும் கருவி) முணுமுணுத்தாலும் நான்காவதான அதை நீக்கக்கூடாது. மூன்றானால் எக்ஸ்பிரஸ் அதைச் சாதாரண ஹேண்ட்லராக எண்ணிவிடும். ஏசிங்க் ஹேண்ட்லரில் (காத்திருந்து முடியும் வேலைகளுக்கானது) எழும் பிழை எக்ஸ்பிரஸ் 4-ஆம் பதிப்பில் தானாக அந்தப் பிழை மிடில்வேருக்குப் போகாது, ட்ரை-கேட்ச் போட்டுப் பிழையைப் பிடித்து நெக்ஸ்ட்(பிழை) தர வேண்டும். 5-இல் தானே போகும்.