ஃபேனில் அடிபட்ட புதுக் குருவி, பழைய சோடியோடு எப்போது விடலாம்?

மழைத்துளி, வெள்ளவத்தை:

எல்லோருக்கும் வணக்கம், பதற்றத்தோடுதான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு சோடி பட்ஜி இருக்கிறது, கடையில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பார்களே, அதுதான். நேற்றுப் பின்னேரம் புறக்கோட்டையிலிருந்து நீல நிறத்தில் இன்னொன்று வாங்கி வந்தோம். கடதாசிப் பெட்டியிலிருந்து கூட்டுக்கு மாற்றும்போது மகளின் கையிலிருந்து நழுவிப் பறந்து, சுற்றிக்கொண்டிருந்த ஃபேனில் பட்டு, அலுமாரிக்குப் பின்னால் விழுந்துவிட்டது.

இடது செட்டை தொங்குகிறது. ஓர் இறகு அடியில் முறிந்து இரத்தம் வந்தது, இப்போது காய்ந்து கறுப்பாக இருக்கிறது. உடம்பை உப்பிக்கொண்டு மூலையில் இருக்கிறது, தினையைத் தொடவே இல்லை. ஆனால் மற்ற இரண்டும் கத்தினால் தலையைத் தூக்கிப் பதில் சொல்கிறது. அதைப் பார்த்து அம்மா, ‘கூட்டத்தோடு விடு, அதுகள் சாப்பிடுவதைப் பார்த்து இதுவும் சாப்பிடும்’ என்கிறார். விடலாமா? மகள் இரவு முழுக்கத் தூங்கவில்லை, யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

கூட்டுக்காரன், தெமட்டகொடை:

தங்கச்சி, இன்றைக்கு விட வேண்டாம். அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பட்ஜி கூட்டமாக மேய்கிற பறவை, மற்றது கொறிக்கிற சத்தம் கேட்டால் தானும் கொறிக்கப் பார்க்கும். ஆனால் ஏலாமல் இருப்பதைக் கொத்தி விரட்டுவதும் அதே கூட்டம்தான். செட்டை தொங்குகிற குருவிக்குப் பறந்து விலகவும் முடியாது.

இப்போது அதற்கு அமைதியும் இதமான சூடும்தான் வேண்டும். ஏறி உட்காரும் கட்டை எதுவும் இல்லாத சிறிய பெட்டியில் வையுங்கள். அடியில் துவாய் மட்டும் விரித்தால் நூலில் நகம் மாட்டும், மேலே டிஷ்யூ போடுங்கள். ஜாம் போத்தல் மூடியில் தினை, இன்னொரு மூடியில் தண்ணீர், இரண்டும் தரையில், சாப்பாடு தெரிகிற அளவுக்கு மங்கலான வெளிச்சம். கொழும்பு வெயிலில் பகலில் தனியாகச் சூடு காட்டத் தேவையில்லை, ஏசியும் ஃபேனும் இல்லாத அறை போதும். இரவில் மழை பெய்து குளிர்ந்தால் சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தோடு ஒட்டி வையுங்கள். மற்றப் பக்கம் சும்மா இருக்கட்டும், சூடு கூடினால் அது தானே நகர்ந்துகொள்ளும். குசினியில் வைக்காதீர்கள், அந்த அறையில் நுளம்புச் சுருளும் கொளுத்தாதீர்கள். நொன்ஸ்டிக் சட்டி அளவுக்கு மீறிக் காய்ந்தால் வருகிற புகை ஒன்றே குருவியைக் கொன்றுவிடும்.

பசிக்குமே என்று வாய்க்குள் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். எச்சத்தைப் பாருங்கள், கொஞ்சமாகக் கரும்பச்சையாகவே போனால் சாப்பிடவில்லை என்று அர்த்தம், அப்படியென்றால் நாளை வரை காத்திருக்கவும் கூடாது, இன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். நாய், பூனை மட்டும் பார்க்கிற இடங்களும் இருக்கின்றன, அதனால் கோல் எடுத்து, பறவை பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா:

பாவம், பிள்ளையைத் திட்டாதீர்கள் தங்கச்சி. எங்கள் வீட்டில் கோழிக்குக் காயம் பட்டால் மஞ்சளையும் தேங்காயெண்ணெயையும் குழைத்துப் பூசுவோம், அதைப் பூசிப் பாருங்களேன்.

கூட்டுக்காரன், தெமட்டகொடை:

அக்கா, கோழிக்குச் சரியாக இருந்திருக்கலாம், இதற்கு எண்ணெய் வேண்டாம். இறகில் எண்ணெய் பட்டால் ஒட்டிப்போய் உடம்புச் சூடு நிற்காது, அலகால் கோதும்போது அவ்வளவும் வயிற்றுக்குள் போகும். காய்ந்த இரத்தத்தைத் தொடாமல் விடுவதே நல்லது.

புதிதாக முளைக்கிற இறகின் தண்டுக்குள் இரத்தம் ஓடும், முறிந்தால் சின்னக் குழாய் மாதிரி ஒழுகும். ஒரு பட்ஜியின் நிறையே 30 முதல் 40 கிராம், உடம்பில் இருப்பது மொத்தம் மூன்று நான்கு மில்லிலீற்றர் இரத்தம், அதில் பத்துத் துளி போனாலே ஆபத்து. மறுபடி ஒழுகினால் இறகு முறிந்த இடத்தில் கோன்ஃபிளவர் மாவை வைத்து, சுத்தமான துணியால் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக அழுத்துங்கள். பிடிக்கும்போது நெஞ்சை இறுக்க வேண்டாம், பறவைக்கு நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. பாமசியில் மனிதருக்கு விற்கிற அன்டிபயோட்டிக்கை உடைத்துத் தண்ணீரில் கலக்கச் சொல்வார்கள், அதையும் செய்யாதீர்கள்.

மழைத்துளி, வெள்ளவத்தை:

அண்ணா, நீங்கள் சொன்னபடி கோல் எடுத்துக் கேட்டு, மூன்றாவது இடத்தில்தான் பார்த்தார்கள். செட்டை எலும்பில் முறிவு, நல்ல வேளை, விலகவில்லை. மெல்லிய துணியால் செட்டையை மடித்துக் கட்டிவிட்டு, வலிக்கு மருந்தும் கொடுத்தார். பறவை எலும்பு சீக்கிரம் கூடும், இரண்டு மூன்று கிழமை போதும், ஆனால் பிழையாகக் கூடினால் அப்படியே நின்றுவிடும் என்றார். கேக் நிறுக்கிற தராசில் ஐஸ்கிறீம் பெட்டியை வைத்து, விடிய சாப்பிடும் முன் நிறுக்கிறோம். முதல் நாள் 29 கிராம், இன்றைக்கு 31. நேற்று இரவு பெட்டிக்குள் ‘டிக் டிக்’ என்று தினை உடைகிற சத்தம் கேட்டு மகள் என்னை எழுப்பினாள்.

கட்டு அவிழ்த்ததும் சோடியோடு விடலாமா?

ஜன்னலோரம், தெஹிவளை:

வேண்டாம் அக்கா, இந்தப் பிழையை நான் செய்திருக்கிறேன். கால் நொண்டிய ஒன்று இரண்டு கிழமையில் சுகமாகிவிட்டது என்று நினைத்துப் பழைய கூட்டில் விட்டேன். வேலையால் வந்து பார்க்கும்போது ஒரு விரல் நுனி இல்லை. இன்றைக்கும் அதன் காலைப் பார்த்தால் மனம் கஷ்டப்படும்.

காயம் ஒரு பக்கம் இருக்க, புதுக் குருவியைக் குறைந்தது 30 நாள் வேறு அறையில் வைக்க வேண்டும், நான் 45 நாள் வைப்பேன். கடையில் ஒரே கூட்டில் எத்தனை குருவிகளோடு இருந்ததோ தெரியாது. அலகைச் சுற்றி வெள்ளைப் பொருக்குப் பிடிக்கிற பூச்சியும் வரும், சித்தாகோசிஸ் என்று மனிதருக்கும் தொற்றுகிற காய்ச்சலும் இருக்கிறது. பழையவற்றுக்கு முதலில் சாப்பாடு வைத்துவிட்டு இதற்குக் கடைசியாக வையுங்கள், கையைக் கழுவுங்கள். பிளாட் வீட்டில் ஒன்றின் சத்தம் மற்றதற்குக் கேட்கும், அது போதும், தனிமை என்று கவலைப்பட வேண்டாம்.

அப்புறம் இரண்டு கூட்டையும் ஒரு சாண் இடைவெளியில் ஒரு கிழமை வையுங்கள். ஒட்டி வைத்தால் கம்பியில் தொங்குகிற காலைக் கடிக்கும். சேர்க்கும் நாளில் பழைய கூட்டுக்குள் இதை விடாதீர்கள், மூன்றுக்கும் பழக்கமில்லாத கூட்டில், விடுமுறை நாளில், காலையில் விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். சாப்பாட்டுக் கிண்ணம் மூன்று இடத்தில். ஒன்று கேட்க வேண்டும், புதியதற்கு மூக்குக்கு மேல் என்ன நிறம்? கூட்டில் முட்டையிடுகிற முட்டி, அந்தச் சின்னப் பானை, கட்டியிருக்கிறீர்களா?

மழைத்துளி, வெள்ளவத்தை:

மண்ணிறம். முட்டி இருக்கிறது.

ஜன்னலோரம், தெஹிவளை:

அப்படியென்றால் பெட்டை, ஆணுக்கு வளர்ந்த பிறகு அந்த இடம் நீலமாக இருக்கும். முட்டியை இன்றைக்கே கழற்றுங்கள். ஒரு முட்டிக்கு இரண்டு பெட்டை சண்டை பிடித்தால் இரத்தம் வரும். முட்டி இல்லாமலும் விரட்டினால் பலவந்தமாகச் சேர்க்காதீர்கள், தனிக்கூடு பக்கத்தில் இருந்தாலே இதற்குச் சந்தோஷம்தான்.

மழைத்துளி, வெள்ளவத்தை:

ஏழு கிழமை ஆகிவிட்டது, எல்லோருக்கும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 34 கிராம். சேர்த்த முதல் நாள் பழைய பெட்டை இரண்டு தடவை விரட்டியது, பின்னேரம் விட்டுவிட்டது. நீலத்துக்கு உயரப் பறக்க முடியவில்லை, செட்டை கொஞ்சம் கீழேதான் நிற்கிறது, அதனால் கட்டைகளைத் தாழ்வாகக் கட்டி, ஏற ஒரு சின்ன ஏணியும் வைத்தோம். நேற்று பழைய ஆண் கீழ்க் கட்டைக்கு இறங்கி வந்து அதன் தலையைக் கோதிவிட்டது, அம்மாதான் முதலில் கண்டார்.

கூடு திறக்கும் முன் மகள் ஃபேன் சுவிட்சைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறாள்.