மாரியம்மன் கோயில் குளம் தூர்வாரல்: சில சந்தேகங்கள்

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் குளத்தைத் திருவிழாவுக்கு முன் தூர்வாருகிறோம். எவ்வளவு ஆழம் தோண்டலாம்? வண்டலை யாருக்குக் கொடுப்பது?

பதில் 1: கறுத்த வண்டலோடு நிறுத்துங்க. அடியில், உருட்டினால் திரளும் களிமண் தெரியும். அதை ஜேசிபி கீறினால் தண்ணீர் தங்காது. அதைவிட முக்கியம் வரத்துக் கால்வாய். அது அடைபட்டிருந்தால் எவ்வளவு தோண்டியும் வீண்தான்.

பதில் 2: வண்டலில் குத்தகைக்கு உழுகிறவர்களுக்கும் பங்கு கொடுங்க. காலனி பக்கமும் படித்துறை கட்டுங்க. ஒரு தெருவை ஒதுக்கிவிட்டு அம்மனுக்குத் தீர்த்தம் எடுப்பது பூஜையே இல்லை. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பொதுக் குளத்தில் இறங்கவிடாமல் தடுப்பது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

பதில் 3: குடிக்க போர் தண்ணீர்தான் என்றால் ஃப்ளோரைடு சோதனை செய்யுங்க. நம் மாவட்டத்தில் பல இடங்களில் அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கொதிக்க வைத்தாலும் போகாது.