பழைய மரக் கார்போர்ட்: தூண் அடி இற்றுவிட்டது, இடிக்கத்தான் வேண்டுமா?

சன்னிவேல்வாசி: கலிபோர்னியாவின் சன்னிவேலில், 1950களில் ஐக்லர் என்ற பில்டர் கட்டிய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். முன்னால் தட்டைக் கூரைக் கார்போர்ட், அதாவது பக்கங்கள் திறந்த கார் கொட்டகை. நாலு மரத்தூண், மேலே நீள உத்தரங்கள், அதன்மேல் காடி எடுத்துக் கோத்த பலகை, அவ்வளவுதான், சீலிங் எதுவும் கிடையாது. இரண்டு தூணின் அடியில் ஸ்குரூடிரைவரை அழுத்தினால் உள்ளே இறங்குகிறது. பார்க்க வந்த கான்ட்ராக்டர் எல்லாத்தையும் இடித்துவிட்டுக் கதவு வைத்த கராஜ் கட்டுங்கள் என்கிறார். என்ன செய்யலாம்?

மரத்தூள்: அவருக்கு வேலை வேண்டும், வேறென்ன. அந்தக் காலத்தில் பல இடங்களில் தூணை கான்கிரீட் மேல் நேராக உட்கார வைத்துவிட்டார்கள், அடியில் தேங்கும் தண்ணீரை மரத்தின் வெட்டுமுகம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதனால்தான் அடி மட்டும் போகிறது. ஸ்குரூடிரைவர் இறங்காத உயரம் வரைக்கும் பார்த்துக்கொண்டே போங்கள். மேலே இருப்பது பெரும்பாலும் வயது முதிர்ந்த மரத்தில் அறுத்த டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரம், வளர்ச்சி வளையங்கள் நெருக்கமாக இருக்கும், இன்றைக்குக் கடையில் அந்த ரகம் லேசில் கிடைக்காது. உத்தரத்துக்கு ஜாக் வைத்து முட்டுக் கொடுத்துவிட்டு அந்த இரண்டு தூணை மட்டும் முழுசாக மாற்றுங்கள், ஒட்டுப் போடாதீர்கள். அடியில் கால்வனைஸ் செய்த இரும்புத் தாங்கி வைத்துத் தூணை கான்கிரீட்டுக்கு ஒரு அங்குலம் மேலே நிறுத்தினால் போதும்.

கூரைக்காரன்: கராஜாக மூடுவதென்றால் முதலில் நகராட்சியைக் கேளுங்கள், சன்னிவேலில் ஐக்லர் வீடுகளுக்கென்றே தனி வடிவமைப்பு வழிகாட்டி இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1937இல் அமெரிக்காவின் மேடிசனில் கட்டி முடித்த ஜேக்கப்ஸ் வீட்டிலேயே கராஜ் கிடையாது, கார்போர்ட்தான். கார் என்ன குதிரையா, லாயம் கட்ட! இன்னொன்று, பின்னால் சாமான் வைக்கும் அறைச் சுவர் இருந்தால் அதில் கைவைக்க வேண்டாம். நிலநடுக்கத்தில் பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்குவது பெரும்பாலும் அதுதான், தனியாக நிற்கும் தூண்களால் அது முடியாது.

சன்னிவேல்வாசி: ரொம்ப நன்றி. கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உத்தர முனை ஒன்றும் மெத்தென்று இருக்கிறதே?

மரத்தூள்: அதுவும் வெட்டுமுகம்தானே. நுனி மட்டும் என்றால் நல்ல மரம் வரும்வரை அறுத்துவிட்டு, பிரைமர் அடித்து, மேலே தகர மூடி போடுங்கள். மெத்து கூரைக்கு உள்பக்கம் வரை போயிருந்தால் மட்டும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், கான்ட்ராக்டரை அல்ல.